இது போன் பார்க்கிற வீடு

மகனே, அஸ்ஸலாமு அலைக்கும்.

சுகம் விசாரித்து எழுதப் போவதில்லை. நீ சுகமாகத்தான் இருக்கிறாய். மூன்று தெரு தள்ளி இருக்கிற பிள்ளையின் சுகம் ஊரார் வாயிலேயே வந்துவிடுகிறது. நேற்று நீ அனுப்பிய குரல் செய்தியை உன் உம்மாவும் நானும் சேர்ந்தே கேட்டோம். "வாப்பா, அந்த டேபை வீட்ட விட்டு எடுத்துடுங்க. அது அங்க இருக்குற வரைக்கும் ஹஃப்ஸாவ ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வர மாட்டேன்" என்றாய். உன் மகளுக்கு நான் வாங்கி வைத்த டேப்லெட்டைத்தான் சொல்கிறாய். குரலில் கோபம்கூட இல்லை. டைல்ஸ் வாங்க வந்தவரிடம் சரக்கு இல்லை என்று சொல்கிற மாதிரி இருந்தது. அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. பதில் சொல்ல நானும் மைக்கை அமுக்கினேன். வாயில் வந்ததெல்லாம் உன் மாமியார் காதில் விழக்கூடாத பேச்சாக இருந்ததால் அழித்துவிட்டேன். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். இதை நீ ஒளித்து வைத்துப் படிக்க வேண்டாம். உன் பெண்டாட்டி ரிஸ்வானா படிக்கட்டும், சம்பந்தி வீட்டில் சத்தமாகவே படித்துக் காட்டு. ஆண் பிள்ளையை மட்டும் பெற்ற வாப்பாமார் இந்த ஊரில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் கையில் கிடைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை. உன் மாமனார் வீட்டின் மேல் பொறாமை, அந்த வீட்டு மொட்டை மாடியின் மேல் பொறாமை, அங்கே வளைய வருகிற பூனையின் மேல்கூடப் பொறாமை. உன் உம்மா இதைக் கல்யாணம் முடிந்த வாரமே கண்டுபிடித்துவிட்டாள். "பொறாம புடிச்ச மனுசன்னு ஊர்ல சொல்லப் போறாங்க, முகத்த கொஞ்சம் நல்லா வச்சுக்கங்க" என்றாள். முகத்தை நல்லா வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். எட்டு வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன், தாடை வலிக்கிறது.

வெளியூர்க்காரர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்குப் புரியாது என்பதால் நம் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். மற்ற ஊர்களில் பெண் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். காரைக்காலில் நம்மைப் போன்ற குடும்பங்களில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நீயும் போனாய். துணிமணி, ஷேவிங் செட், சர்ட்டிபிகேட்டெல்லாம் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மறுநாள் ஆள் அனுப்பி உன் தலையணையைக் கேட்டாயே, அது இல்லாமல் தூக்கம் வராது என்று. அதை உறை மாற்றிக் கொடுத்தனுப்பியது நான்தான். பெண்ணைப் பெற்றவர் வீட்டில் பேரப்பிள்ளைகள் வளர்கிறார்கள். ஆணைப் பெற்றவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. நானும் ஒரு காலத்தில் இப்படி உன் உம்மாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவன்தான், மறுக்கவில்லை. என் வாப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கு வயிறு எரிந்ததா என்று நான் கேட்டதும் இல்லை. அவருக்கு இன்னும் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள், எனக்கு நீ ஒருத்தன்.

அதுவும் எப்படிப்பட்ட ஒருத்தன். நான் துபாயில் கிடங்கு பார்த்துக்கொண்டிருந்த காலமெல்லாம் நீ இந்த வீட்டில் வளர்ந்தாய். நான் அங்கே கணக்கை முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது நீ கல்லூரிக்குப் போகிற பிள்ளை, அறைக் கதவைச் சாத்திக்கொள்கிற வயசு. இனிமேல்தான் பேசிப் பழக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பெண் வீட்டார் வந்துவிட்டார்கள். நல்ல இடம், டைல்ஸ் கடை இருக்கிறது, பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்று உன் உம்மா சந்தோஷப்பட்டாள். வெளிநாட்டுக்கு அனுப்பவில்லை, வாஸ்தவம். கடையில் காலையிலிருந்து இரவு வரை மாமனாரும் நீயும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் அந்தப் பக்கமாக நடந்து போகும்போது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிகிறது.

இப்போது அங்கே மாட்டியிருக்கிற துணிப்பையைப் பற்றிச் சொல்கிறேன். உன் மாமியார் மிச்சமான திரைச்சீலைத் துணியில் ஒரு பை தைத்து நடுக்கூடத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறாராம். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னதும் வீட்டில் இருக்கிற எல்லாருடைய போனும் அதற்குள் போய்விட வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் பைக்குள்ளேயேதானாம், வெளியே போகிறவர்கள் மட்டும் எடுத்துக்கொள்ளலாமாம். இதை நீ என்னிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒருவர் தோளில் கை வைத்து, "உங்க சம்பந்தி வீட்டுல போனையெல்லாம் பையில போட்டு மாட்டிடுறாங்களாமே. புள்ளைங்க அவ்வளவு அடக்கமா இருக்குதுவளாம். நம்ம வீட்டுலயும் தைக்கச் சொல்லியிருக்கேன்" என்றார். எனக்கு ஒற்றைச் செருப்புதான் கிடைத்திருந்தது. "ஆமாமா, நல்ல ஏற்பாடு" என்று சொல்லிவிட்டு இன்னொரு செருப்பை அவர் போன பிறகு தேடி எடுத்தேன்.

அந்தப் பை பொய்யாக இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா. ஊருக்குத்தான் உபதேசம், சம்பந்தியம்மா முந்தானைக்குள் ஒரு போன் வைத்திருப்பார் என்று உன் உம்மாவிடம் பந்தயம் கட்டினேன். ராத்திரி இஷா தொழுகை முடிந்த நேரமாகப் பார்த்து அவர் நம்பருக்குப் போன் போட்டேன். அடித்து ஓய்ந்தது. அடுத்த நாளும் போட்டேன், அடித்து ஓய்ந்தது. காலையில் அவரே கூப்பிட்டு, "நானா, நேத்தும் முந்தாநாளும் கூப்பிட்டிருக்கீங்களே, எதுவும் அவசரமா? மஃரிப்புக்கு மேல நான் போன எடுக்குறதில்லீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று அண்ணன் முறை வைத்து மரியாதையாகப் பேசினார். கை தவறி அழுந்திவிட்டது என்றேன். இரண்டு நாளுமா என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மையையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

டேபை நான் ஏன் வாங்கினேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. பிள்ளைக்குப் பிரியமாக வாங்கிக் கொடுத்தார் என்று நினைத்திருப்பாய். ஹஃப்ஸா ஒன்றாம் வகுப்புப் போன வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீ அவளைக் கூட்டிவந்தாய். அந்த வீட்டில் அவளோடு சேர்ந்து ஓட ரிஸ்வானாவின் தங்கை பிள்ளைகள் இருக்கிறார்கள், கேரம் போர்டு இருக்கிறது, பூனை இருக்கிறது. இங்கே நான் இருக்கிறேன், உன் உம்மா இருக்கிறாள், ஒரு மின்விசிறி இருக்கிறது. கொஞ்ச நேரம் என் கண்ணாடிக் கூட்டைத் திறந்து மூடினாள். நான் ஏதோ கதை சொல்ல ஆரம்பித்தேன், பாதியிலேயே உன் பக்கம் திரும்பி, "வாப்பா, வீட்டுக்குப் போவோமா?" என்றாள். வீட்டுக்கு. அப்படியானால் இது என்ன? அன்று நீங்கள் போன பிறகு உன் உம்மாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "சின்னப் புள்ள பேசுறதையெல்லாம் புடிச்சுக்கிட்டு" என்று அவள் எழுந்து போய்விட்டாள். மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் இருப்பதிலேயே பெரிய திரையாகப் பார்த்து ஒரு டேப் வாங்கி வந்தேன்.

அடுத்த ஞாயிறு அதைக் கையில் கொடுத்தபோது அவள் போட்ட கூச்சல் உனக்கு நினைவிருக்கும். அதற்கடுத்த ஞாயிறு நீ வண்டியை நிறுத்துவதற்குள் இறங்கி ஓடி வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கூட, "பேத்திக்கு தாதா மேல உசுரு" என்றார். சாயங்காலம் நீ கிளம்பலாம் என்றபோது தூணைக் கட்டிக்கொண்டு வர மாட்டேன் என்று அழுதாள். அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு அவ்வளவு ருசியாக இருந்தது. சம்பந்தி வீட்டில் பிள்ளை போய் இறங்கும்போது அழுத கண்ணோடு இறங்கியிருப்பாள், அவளுடைய நன்னா, அதாவது உன் மாமனார், என்னவென்று கேட்டிருப்பார், தாதா வீட்டிலிருந்து வர மனசில்லை என்று நீ சொல்லியிருப்பாய், அவர் முகம் ஒரு கணம் வாடியிருக்கும். இதையெல்லாம் நானே கற்பனை பண்ணிப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். உன் உம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சந்தோஷம் கொஞ்ச நாள்தான். அவள் ஓடி வருவது என்னிடம் இல்லை, டேப் இருக்கிற அலமாரிக்கு என்று தெரிய எனக்கு எத்தனை ஞாயிறு பிடித்தது என்று வெட்கத்தால் சொல்ல மாட்டேன். அந்த டேபில் மஞ்சள் தொப்பி போட்ட ஒருத்தன் வருவான். பெட்டி பெட்டியாக வைத்துக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு அரை மணி நேரம் திறக்காமல் இழுத்தடிப்பான். திறந்தால் ஒரு பிளாஸ்டிக் வாத்து இருக்கும். அதற்கு ஹஃப்ஸா கைகொட்டிச் சிரிப்பாள். நான் இத்தனை வருஷம் கிடங்கில் எத்தனையோ பெட்டிகளைத் திறந்தவன். ஒருத்தரும் கை தட்டியதில்லை. அவனுடைய குரலை நான் தனியாக உட்கார்ந்து பழகினேன், "உள்ளே என்ன? உள்ளே என்ன?" என்று மூக்கால் பேசுவான். ஒரு நாள் உன் உம்மா பொரித்துவைத்த இறால் வாடாவை ஒரு டப்பாவுக்குள் வைத்து மூடி, அவள் முன்னால் போய் அதே குரலில் கேட்டேன். "தாதா, கொஞ்சம் தள்ளிக்கங்க, தெரியல" என்றாள். தள்ளிக்கொண்டேன். வாடாவை நானே தின்றேன்.

கடற்கரைக்குக் கூட்டிப் போய்ப் பார்த்தேன். அரசலாறு கடலில் கலக்கிற இடத்தில் படகுகள் உள்ளே வருவதைக் காட்டினேன். நன்றாகத்தான் பார்த்தாள், பொய் சொல்லக்கூடாது. கொஞ்ச நேரம் கழித்து, "தாதா, போன் கொண்டாந்தீங்களா? இத எடுத்து நன்னிக்குக் காட்டணும்" என்றாள். நன்னி என்றால் உன் மாமியார். நான் கூட்டிப் போய்க் காட்டிய கடலையும் அங்கேதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். போனை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன் என்று சொன்னேன். சட்டைப் பைக்குள்தான் இருந்தது.

பிறகு நீ அந்தப் பூட்டைப் போட்டாய். உன் போனிலிருந்தே டேபைப் பூட்டுகிற ஏற்பாடு. அரை மணி நேரம் ஆனதும் படம் நின்று, ஒரு நிலா வந்து, நேரம் முடிந்தது என்று எழுத்து வரும். கீழே, இன்னும் நேரம் கேட்கவா என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால் உன் போனில் மணி அடிக்கும், நீ சரி என்றால் திறக்கும், வேண்டாம் என்றால் நிலா அப்படியே நிற்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஹஃப்ஸாதான். "நீங்க அமுக்குங்க தாதா. நான் அமுக்குனா வாப்பா வேணாம்னு சொல்லிடுவாங்க. நீங்க அமுக்குனா யாருன்னு தெரியாதுல்ல" என்றாள். அமுக்கினேன். நீ முன் அறையில் உட்கார்ந்திருந்தாய், உன் போனில் மணி அடித்தது எனக்கே கேட்டது. அங்கிருந்தே பத்து நிமிடம் கொடுத்தாய். எழுந்து வரவில்லை.

இந்தப் பொத்தானைப் பற்றித்தான் நீ கோபமாக இருக்கிறாய், பிள்ளைக்காக அமுக்கி அமுக்கிப் பழக்கத்தைக் கெடுத்துவிட்டேன் என்று. அது உனக்குத் தெரிந்த கதை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்ன நடந்தது என்று நினைத்துப் பார். டேப் அலமாரியில் சும்மா கிடந்தது. வார நாளில் முழுக்கப் பூட்டுதான். எடுத்தேன், உடனே நிலா வந்தது, பொத்தானை அமுக்கினேன். நீ வேண்டாம் என்றாய். மறுபடி அமுக்கினேன், வேண்டாம் என்றாய். மூன்றாவது தடவை உன் போனே வந்துவிட்டது.

"வாப்பா, ஹஃப்ஸா ஸ்கூல்ல இருக்கா. அங்க டேப்ல யாரு?"

"நாந்தாம்ப்பா."

"நீங்க என்ன பாக்குறீங்க அதுல?"

"சும்மாதான். மஞ்சத் தொப்பி."

நீ சிரித்தாய். வாய்விட்டுச் சிரித்தாய். எனக்கு அந்தச் சிரிப்பு புதுசாக இருந்தது. "சரி பாருங்க, ஒரு மணி நேரம் தர்றேன். கண்ண கெடுத்துக்காதீங்க" என்றாய். வாப்பாவுக்கு மகன் நேரம் கொடுத்தான். அந்த ஒரு மணி நேரமும் நான் டேபைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள், கடையில் கூட்டம் குறைகிற நேரமாகப் பார்த்து அமுக்குவேன். ஒரு நாள் உன் உம்மா பின்னால் வந்து நின்றுவிட்டாள்.

"புள்ளதான் ஸ்கூல்ல இருக்கே. யாருக்குங்க நேரம் கேக்குறீங்க?"

"சார்ஜ் இருக்கான்னு பாத்தேன்."

"சார்ஜ் பாக்க பொத்தான அமுக்கணுமா? போன எடுத்து நேராக் கூப்பிட வேண்டியதுதானே."

கூப்பிட்டால் என்ன பேசுவது என்று நான் திருப்பிக் கேட்டேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நீயும் அப்புறம் ஏதோ செட்டிங்கை மாற்றிவிட்டாய். வார நாளில் கேட்காமலேயே திறந்துகொள்கிறது. நல்ல எண்ணத்தில்தான் செய்தாய், வாப்பாவுக்கு எதற்குத் தொந்தரவு என்று. வசதியாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் வேலை போய்விட்டது.

போன ஞாயிறு நடந்ததை இப்போது என் பக்கத்திலிருந்து கேள். நீ வந்தாய், ஹஃப்ஸா அலமாரிக்கு ஓடினாள், நீ முன் அறை சோபாவில் உட்கார்ந்து போனை எடுத்தாய். உன் உம்மா இடியாப்பத்துக்குக் கறி வைத்திருந்தாள். தட்டைக் கொண்டுவந்து வைத்து, "சூட்டோட சாப்புடு தம்பி" என்றாள். "ம்" என்றாய். முதுகுவலிக்கு டாக்டரைப் பார்த்ததைச் சொன்னாள். "ம்" என்றாய். டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார் என்றாள். "எடுத்துடலாம்மா" என்றாய், கட்டைவிரல் நிற்கவில்லை. நான் எதிர் நாற்காலியில்தான் இருந்தேன். கடையின் ஆர்டரெல்லாம் அதில்தான் வரும் என்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமை கடை மூடி என்பதும் தெரியும். கறி ஆறி மேலே நெய் படிந்ததும் அவளே தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த நேரத்தில்தான் உள்ளே நிலா வந்தது. ஹஃப்ஸா கூப்பிட்டாள், நான் போய் அமுக்கினேன், நீ வேண்டாம் என்றாய். மறுபடி அமுக்கினேன். அப்போது எழுந்து வந்தாய். நாலு எட்டில் இருக்கிற அறைக்கு நீ எழுந்து வந்தது அன்றைக்கு அது ஒரு தடவைதான். டேபைப் பிடுங்கினாய், அவள் தரையில் விழுந்து புரண்டாள், உன் கையைக் கடித்தாள். "பாருங்க, பாத்தீங்கல்ல. அங்க இருக்கும்போது இவ இப்படியா இருக்கா? ஒரு சத்தம் வராது. இங்க வந்தாதான் இந்த ஆட்டம். நீங்கதான் வாப்பா கெடுக்குறீங்க" என்றாய். உன் உம்மா முன்னால், பிள்ளையின் முன்னால் சொன்னாய். ஒரு கையில் டேப், இன்னொரு கையில் உன் போன், அதில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. நீ முகம் கழுவக் கொல்லைக்குப் போனாய்.

நீ அந்தப் பக்கம் போனதும் பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்து, "ஏம்மா, நன்னி வீட்டுல இப்படி அழுவியா நீ?" என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அங்க யாரும் போன் பாக்க மாட்டாங்க தாதா. வாப்பாவும் பாக்க மாட்டாங்க. இது போன் பாக்குற வீடுதானே? இங்க வந்தாதானே வாப்பா பாக்குறாங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை அவள். பள்ளிக்கூடம் என்றால் படிக்கிற இடம், கடற்கரை என்றால் விளையாடுகிற இடம் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். நீ ஈரக் கையோடு திரும்பி வந்து, கிளம்பலாம் என்றாய்.

அதிலிருந்து இந்த ஒரு வாரமாக நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் போன் பைக்குள். வெளியே போகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நீ எங்கே வெளியே போகிறாய்? இங்கே வருகிறாய். வண்டியில் ஏறும்போதே அது பையிலிருந்து உன் சட்டைக்கு வந்துவிடுகிறது. ஒரு வாரத்து ஆசையையும் இங்கே உட்கார்ந்து தீர்த்துக்கொண்டு, திரும்பிப் போய் நல்ல பிள்ளையாக அதை மறுபடி பைக்குள் போடுகிறாய். சிகரெட் பிடிக்கிறவர்கள் தெருமுனைக் கடைக்குப் போவார்களே, அப்படி. உன் மகளும் அதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள். பூட்டைப் போட்டது சரி, நேரம் வைத்தது சரி. பிள்ளை கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, உன்னைப் பார்க்கிறது. ஒரு வீட்டில் மட்டும் இருக்கிற கட்டுப்பாடு பிள்ளைக்குக் கட்டுப்பாடாகத் தெரியாது, இடத்துக்குத் தகுந்த நடிப்பாகத் தெரியும். உன் மாமியார் செய்தது வேலை செய்கிறது என்றால் அதற்குக் காரணம், அவர் போன்தான் முதலில் பைக்குள் போகிறதாம், ஹஃப்ஸா சொன்னாள். அந்த அம்மா சொல்வதைச் சரி என்று எழுத என் கை எவ்வளவு கூசுகிறது என்று உனக்குத் தெரியாது. சரிதான். எழுதிவிட்டேன்.

அன்று நீ வண்டியை எடுப்பதற்குள் இன்னொன்றும் அவளிடம் கேட்டேன், வெட்கம் கெட்டுப்போய். பைக்குள் போனைப் போட்டுவிட்டால் வாப்பா அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையெல்லாம் என்ன பண்ணுவாங்க என்று. "நன்னாவும் வாப்பாவும் கேரம் ஆடுவாங்க. நன்னா ஏமாத்துவாங்க. வாப்பா கத்துவாங்க, அப்புறம் சிரிப்பாங்க" என்றாள். எப்படிச் சிரிப்பாங்க என்று கேட்டேன். சிரித்துக் காட்டினாள். தலையைப் பின்னால் சாய்த்து, தொடையில் அடித்துக்கொண்டு. நான் உன்னைப் பெற்றவன், நீ தொடையில் அடித்துச் சிரிப்பாய் என்று உன் மகள் நடித்துக் காட்டித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. என் சம்பந்திக்கு அது ஒவ்வொரு வாரமும் கிடைக்கிறது. அவர் நல்ல மனுஷர், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதனால்தான் இன்னும் எரிகிறது.

டேபை இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். சார்ஜரும் உள்ளே இருக்கிறது. ஹஃப்ஸாவுக்குப் பள்ளிக்கூடத்துக்கு உதவும் என்றால் அங்கே வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், எனக்கு அது வேண்டாம். மஞ்சள் தொப்பியோடு இனி நான் மல்லுக்கட்டப் போவதில்லை. உன் நிபந்தனை முடிந்தது. ஆகவே வரும் ஞாயிறு நீ ஹஃப்ஸாவைக் கூட்டிக்கொண்டு வர ஒரு தடையும் இல்லை, எப்போதும் போல வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்து சோபாவில் உட்காரலாம். இப்படித்தான் எழுதி முடிக்க நினைத்திருந்தேன். உன் உம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த இடத்துக்கு வந்ததும், "இவ்வளவு எழுதி அத மட்டும் எழுதலியே நீங்க" என்றாள். எதை என்று கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சரி, எழுதுகிறேன். இந்த ஞாயிறு ஹஃப்ஸாவைக் கூட்டிக்கொண்டு வராதே. அவளுக்கு அங்கே விளையாட ஆள் இருக்கிறது, ஒரு வாரம் இங்கே வராவிட்டால் ஏங்கிப்போக மாட்டாள். பிள்ளையைச் சாக்கு வைத்து உன்னை இத்தனை வருஷம் வரவழைத்தாகிவிட்டது. அவள் அவர்கள் வீட்டுப் பிள்ளையாகவே வளரட்டும், நான் அதற்கு மல்லுக்கு நிற்க மாட்டேன். நீ என் பிள்ளை. நீ மட்டும் வா.